ஈயம் போகும் வழி

(செகந்திராபாத்தில் தமிழ் அன்பர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மிளகு அளவுதான். மிளகு அளவு ஈயம். எலக்ட்ரானிக் போர்டில், இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் உட்கார்ந்துவிட்ட ஈயம். அதை எப்படி எடுப்பது? அதற்கென்று விற்கும் பம்ப் இல்லாமல், விக் இல்லாமல், சூடான காற்றை ஊதும் மெஷின் இல்லாமல், வீட்டில் இருப்பதை வைத்துக்கொண்டு எப்படி எடுப்பது? இதுதான் இன்றைய பேச்சு.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு சொற்பொழிவா என்று யாராவது நினைக்கலாம். நாம் எந்த ஊரில் கூடியிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். இது ஐதராபாத். முத்துக்கும் பிரியாணிக்கும் பேர் போன இந்த ஊருக்கு இன்னொரு முகம் உண்டு. இந்திய எலக்ட்ரானிக்ஸ் பிறந்து நடை பழகிய ஊர்களில் இது ஒன்று.

1967ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி இங்கே ஈசிஐஎல் என்ற எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தொடங்கியது. அதை வளர்த்தெடுத்தவர் அய்யகாரி சாம்பசிவ ராவ். நீங்கள் தினமும் பஸ்ஸில் கடந்து போகும் ஏ. எஸ். ராவ் நகர் அவர் பேரில்தான் இருக்கிறது. இரண்டே ஆண்டில், 1969இல், டிடிசி-12 என்ற கம்ப்யூட்டரை அந்த நிறுவனம் செய்து காட்டியது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டும் பெரிய சோதனையை இந்தியா நடத்தியது. 6 மாநிலங்கள், 2,400 கிராமங்கள். கோழி வலைக் கம்பியால் செய்த ஆண்டெனாவைக் கூரை மேல் வைத்து, ஊர் கூடி உட்கார்ந்து பார்த்த அந்த டெலிவிஷன் பெட்டிகளைச் செய்து கொடுத்தது இந்த ஊர் ஈசிஐஎல்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1979இல் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் முதல் மாதிரியைச் செய்ததும் இதே ஈசிஐஎல்தான். 1982 மே 19 அன்று கேரளத்தின் பரூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அந்த இயந்திரத்தில் முதன்முதலாக வாக்குப் போட்டார்கள். பிறகு பெங்களூரின் பெல் நிறுவனமும் சேர்ந்துகொண்டது. பெல்லில் அந்த வேலையில் முன்னின்றவர் நம் எழுத்தாளர் சுஜாதா என்பதைத் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் இதையெல்லாம் சொல்கிறேன்? அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே என்ன? அந்த டெலிவிஷனைத் திறந்தால் உள்ளே என்ன? அந்த வாக்கு இயந்திரத்தைத் திறந்தால் உள்ளே என்ன? ஒரு போர்டு. போர்டின் மேல் உறுப்புகள். உறுப்பையும் போர்டையும் பிடித்து வைத்திருப்பது ஒரு சொட்டு ஈயம். அந்தச் சொட்டு சரியாக இருந்தால் தேசத்தின் வாக்கு சரியாக எண்ணப்படும். அந்தச் சொட்டு வழிந்து பக்கத்து உறுப்பின் காலைத் தொட்டால், ஷார்ட்! எல்லாம் நின்று போகும். இப்போது சொல்லுங்கள், மிளகு அளவு ஈயம் சின்ன விஷயமா?

நண்பர்களே, எடுக்கும் வித்தைக்கு முன்னால், எடுக்கப் போகும் பொருளைத் தெரிந்துகொள்வோம். வெள்ளீயம் என்கிறோம், காரீயம் என்கிறோம். வெள்ளையும் கறுப்புமாக இரண்டு உடன்பிறப்புகள். இரண்டையும் கலந்து உருக்கிக் கம்பியாக இழுத்தால் நாம் கடையில் வாங்கும் சால்டர் லெட். பழைய தமிழில் இதற்குப் பற்றாசு என்று அழகான பேர் உண்டு. பற்ற வைப்பது, ஆகவே பற்றாசு.

இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. வெள்ளீயம் தனியாக இருந்தால் 232 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் தனியாக இருந்தால் 327 டிகிரியில் உருகும். இரண்டையும் 63க்கு 37 என்ற கணக்கில் கலந்தால் எத்தனை டிகிரியில் உருக வேண்டும்? இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ என்றுதான் மனம் சொல்லும். ஆனால் அது 183 டிகிரியில் உருகிவிடுகிறது. இரண்டையும்விடக் குறைந்த சூட்டில்! தனித்தனியாக நின்றபோது இளகாத இரண்டும் கூடி நின்றபோது இளகுகின்றன.

வெள்ளீயம் உருகுவதை நம் தாய்மார்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஈயச்சொம்பில் ரசம் வைக்கும்போது, முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பார்கள். தண்ணீர் இருக்கும் வரை சொம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், சொம்பு பிழைக்கும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்து மறந்தால், திரும்பி வரும்போது அடுப்பில் வெள்ளியாக ஒரு குளம் கிடக்கும். அந்தக் குளத்தைப் பார்த்தவர்களுக்கு ஈயத்தின் குணம் பாதி விளங்கிவிட்டது.

மீதிப் பாதியைக் காட்டியவர் தெருவில் வந்தவர். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். "பாத்திரத்துக்கு ஈயம் பூசறதே…" என்று நீட்டி இழுத்த குரல். கலாய் பூசுகிறவர் என்றும் சொல்வோம். அந்தக் கலாய் என்ற சொல் உருது வழியாக வந்தது. இந்த ஊரில் பிரியாணி வேகும் செம்பு தேக்சாக்களுக்கு உட்புறம் வெள்ளையாகப் பூசியிருக்கிறதே, அது அதே கலாய்தான்.

அவர் என்ன செய்வார்? மரத்தடியில் குழி வெட்டி, கரி போட்டு, துருத்தி ஊதிப் பாத்திரத்தைச் சூடாக்குவார். நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். அந்தப் புகையோடு செம்பின் மேலிருந்த அழுக்கும் களிம்பும் போய்விடும். ஈயக் குச்சியை ஓரிடத்தில் தொடுவார், தண்ணீராக உருகும். உடனே பஞ்சை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றித் தேய்ப்பார். கண்ணெதிரே பாத்திரம் முழுவதும் வெள்ளியாகும். கடைசியாக ஒன்று செய்வார், அதைத்தான் நான் சின்ன வயதில் மூக்கை நீட்டிக்கொண்டு பார்ப்பேன். அடியில் தேங்கிய மிச்ச ஈயத்தை அதே பஞ்சால் ஓர் இழுப்பில் விளிம்புக்குக் கொண்டுவந்து சொட்டாக உதறுவார். பாத்திரத்தில் நிற்பது மெல்லிய பூச்சு மட்டும். பம்ப் உண்டா? இல்லை. விக் உண்டா? இல்லை. அதிகமான ஈயத்தை எடுக்கும் வித்தை அந்தப் பஞ்சில் இருந்தது.

அன்று அவர் கையில் பார்த்ததைத்தான் இன்று உங்களுக்கு ஒரு வாசகமாகத் தருகிறேன். இன்றைய பேச்சில் எல்லாம் மறந்தாலும் இது மறக்க வேண்டாம். ஈயம் எங்கே போகும்? சூடு இருக்கும் இடத்துக்குப் போகும். சுத்தம் இருக்கும் இடத்துக்குப் போகும். அவ்வளவுதான். அதைத் துரத்த வேண்டாம், சுரண்ட வேண்டாம், பிய்க்க வேண்டாம். அது போவதற்குச் சூடான, சுத்தமான ஓர் இடத்தைக் காட்டுங்கள். தானாக வரும்.

முதலில், அதிகம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. நிறைய வைத்தால் பலம் என்று. சிமென்ட் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஈயத்தின் பலம் குவியலில் இல்லை. செம்பும் வெள்ளீயமும் தொடும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்காக இரண்டும் கலந்து புதுச் சேர்மம் ஒன்று உண்டாகிறது. பிடிப்பு அங்கேதான். நல்ல இணைப்பு, உறுப்பின் காலிலிருந்து போர்டில் உள்ள செம்புப் பேடுக்குக் கூடாரத் துணி சரிவது போல உள்வாங்கிச் சரிந்திருக்கும். பாசிமணி மாதிரி உருண்டு உப்பி நின்றால், உள்ளே பிடித்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. டிவி மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்று சொல்வார்களே, ஒரு தட்டுத் தட்டினால் படம் வரும், மறு தட்டில் போகும், அந்த வியாதி இந்த மாதிரி உருண்டைக்குள் ஒளிந்திருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மிகுதி பலம் தருவதில்லை. மிகுதி குறையை மறைக்கிறது.

சரி, இப்போது கை வேலைக்கு வருவோம்.

ஆரம்பிக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். டிவி, சார்ஜர், பவர் சப்ளை போன்றவற்றில் பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தை வைத்திருக்கும். அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அவற்றைத் தொடாதீர்கள். பழைய ரேடியோவில், பொம்மைக் கார் போர்டில் பழகுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்று போதும்.

முதல் வழி, எல்லாவற்றிலும் எளிய வழி. அயர்ன் நுனியைத் துடையுங்கள். ஈரமான பருத்தித் துணியை நாலாக மடித்து அதில் ஓர் இழுப்பு. பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் ஸ்பாஞ்ச் வேண்டாம், அது உருகி நுனியில் ஒட்டிக்கொள்ளும். நுனி பளபளவென்று இருக்கிறதா? இப்போது அதிகமான ஈயத்தின் மேல் வையுங்கள். இரண்டு எண்ணும் நேரம். எடுங்கள். நுனியில் ஒரு துளி ஈயம் ஏறி வந்திருக்கும். துணியில் துடையுங்கள். மறுபடி வையுங்கள். மறுபடி துடையுங்கள். நாலு முறை செய்தால் உருண்டை சரிவாக மாறிவிடும். ஏன் வந்தது? நுனி சூடாக இருந்தது, சுத்தமாக இருந்தது. அழுக்கு நுனியை வைத்துப் பாருங்கள், ஈயம் அசையாது. பலர் "அயர்ன் சரியில்லை" என்று புது அயர்ன் வாங்கப் போகிறார்கள். தேவைப்பட்டது ஒரு துடைப்பு.

இரண்டாவது வழி, போர்டைத் திருப்புவது. மேஜை மேல் போர்டை வைத்து மேலிருந்து அயர்னைத் தொட்டால், ஈயம் நுனிக்கு வர மேலே ஏற வேண்டும். போர்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள், அல்லது ஈயப் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, அடியிலிருந்து நுனியைக் காட்டுங்கள். சுத்தமான நுனியும் சேர்ந்தது, பூமியின் இழுப்பும் சேர்ந்தது. பாலம் கட்டியிருந்த ஈயம் கீழே நுனிக்கு வந்து சேரும். போர்டுக்கு நேர் கீழே மடியோ கையோ இருக்கக் கூடாது. இது முக்கியம்.

மூன்றாவது வழியை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். அகல் விளக்கைப் பாருங்கள். எண்ணெய் கீழே இருக்கிறது, சுடர் மேலே எரிகிறது. எண்ணெயை மேலே கொண்டு போனது யார்? திரி. நூலுக்கும் நூலுக்கும் இடையில் உள்ள நெருக்கமான சந்துகள் எண்ணெயைத் தாமாகவே உறிஞ்சிக்கொள்கின்றன. கடையில் விக் என்று விற்பது செம்புத் திரி, வேறொன்றும் இல்லை. அதை நாமே செய்யலாம்.

பழுதான மிக்ஸியின், இஸ்திரிப் பெட்டியின் பழைய வயர் வீட்டில் கிடக்கும். உள்ளே மெல்லிய செம்பு இழைகள் நிறைய இருக்கும். ஓர் அங்குலம் உறையை உரித்து, இழைகளைத் தளர்வாக முறுக்கித் தட்டையாக்குங்கள். செம்பு கறுத்திருந்தால் அம்மாவிடம் கொஞ்சம் புளி கேளுங்கள். பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்ப்பது போல் புளியால் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காய வையுங்கள். மோட்டார் சுற்றும் கம்பி உதவாது, அதன் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கிறது. கேபிள் டிவி வயரின் பின்னலும் பல நேரம் உதவாது, அது அலுமினியம். அலுமினியத்தில் ஈயம் இப்படிப் பிடிக்காது.

அடுத்தது ரோசின். கர்நாடக சங்கீதக் கச்சேரிக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், வயலின் வித்வான் தொடங்கும் முன் வில்லில் ஒரு தேன்நிறக் கட்டியைத் தேய்ப்பார். அதே பொருள்தான், பைன் மரத்துப் பிசினிலிருந்து வருவது. கோட்டி குஜராத்தி கல்லியில் எலக்ட்ரானிக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். கலாய்க்காரருக்கு நவச்சாரம் எதுவோ, நமக்கு ரோசின் அது. சுத்தம் செய்வது அதன் வேலை. குழாய் வேலைக்கும் தகர வேலைக்கும் விற்கிற அமிலப் பேஸ்டை மட்டும் போர்டுக்குக் கொண்டுவராதீர்கள். இன்று வேலை நடக்கும், ஆறு மாதத்தில் போர்டின் செம்பு டிராக்கை அரித்துத் தின்றுவிடும்.

ரோசின் கட்டி மேல் செம்பு இழையை வைத்து அயர்னால் ஒரு தொடு தொட்டால், பிசின் உருகி இழைகளுக்குள் இறங்கும். உங்கள் செம்புத் திரி தயார். அதை அதிக ஈயத்தின் மேல் படுக்க வையுங்கள். அதன் மேல் அயர்ன் நுனியை அகலப் பக்கமாக வையுங்கள். கொஞ்சம் புகை. ஒன்று… இரண்டு… இப்போது கவனியுங்கள், செம்பு நிறம் வெள்ளியாக மாறிக்கொண்டு வரும்! ஈயம் ஏறிக்கொண்டிருக்கிறது. வெள்ளி நிறம் நின்றதும் திரியையும் அயர்னையும் ஒன்றாகத் தூக்குங்கள். அயர்னை மட்டும் முதலில் எடுத்தால் திரி போர்டோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் பேடும் கூடவே பிய்ந்து வரும். வயரை உறை உள்ள பக்கமாகவே பிடியுங்கள், செம்பு சூட்டை விரலுக்குக் கொண்டுவந்துவிடும். வெள்ளியான பகுதியை வெட்டிவிட்டு மீதியால் தொடருங்கள். எந்த விக்குக்கும் இது குறைந்ததில்லை.

நான்காவது வழி கேட்பதற்கு விபரீதமாக இருக்கும். ஈயத்தை எடுக்க ஈயத்தையே சேர்ப்பது! முள்ளை முள்ளால் எடு என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதுதான். பத்து வருடம் பழசான இணைப்பு மேல் அயர்னை வைத்தால் உருகவே மாட்டேன் என்னும். மேலே களிம்பு படிந்திருக்கும், சூடு உள்ளே இறங்காது. புது ஈயக் கம்பியில் கொஞ்சம் அதன் மேல் உருக்குங்கள். கம்பிக்குள் இருக்கும் பிசின் அழுக்கை அகற்றும். புது ஈயம் சூட்டை உள்ளே எடுத்துச் செல்லும். பழையதும் புதியதும் கலந்து இளகும். அப்போது முதல் வழியையோ மூன்றாவது வழியையோ பயன்படுத்தி இரண்டையும் சேர்த்து எடுத்துவிடலாம்.

இது இன்றைய போர்டுகளுக்கு மிகவும் வேண்டியது. ஐரோப்பா 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருட்களில் காரீயத்துக்குத் தடைபோட்டது. உலகத் தொழிற்சாலைகள் காரீயம் இல்லாத கலவைக்கு மாறின. வெள்ளீயம், கொஞ்சம் வெள்ளி, கொஞ்சம் செம்பு. இந்தக் கலவை உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் சின்ன அயர்ன் அதன் முன் திணறும். 183இல் உருகும் பழைய ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்தால், கலவையின் பிடிவாதம் தளரும்.

ஐந்தாவது, ஓட்டையைத் திறப்பது. உறுப்பு வந்துவிட்டது, ஆனால் கால் போகும் ஓட்டையை ஈயம் அடைத்துக்கொண்டிருக்கிறது. புதுக் கால் நுழையாது. ஒரு பக்கம் அயர்னை வையுங்கள், மறுபக்கம் பல்குத்தும் குச்சி. ஈயம் இளகியதும் குச்சியை மெல்ல நுழைத்து, அயர்னை எடுத்து, ஆறியதும் குச்சியைச் சுழற்றி உருவுங்கள். மரத்தில் ஈயம் ஒட்டாது. நம் வீட்டுத் துடைப்பத்தில் உருவிய ஈர்க்குச்சியும் இந்த வேலையைச் செய்யும். மருந்துக் கடையில் கிடைக்கும் புது சிரிஞ்சு ஊசியும் உதவும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஈயம் எளிதில் பிடிக்காது.

ஆறாவது, பல கால் உள்ள ஐசி. அது கெட்டுவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் அதைக் காப்பாற்ற ஏன் போராட வேண்டும்? சின்னக் கட்டரால் கால்களை ஒவ்வொன்றாக வெட்டி உடலை எடுத்துவிடுங்கள். நிற்கும் கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவுங்கள். ஐசி புதிதாக வாங்கலாம், போர்டு வாங்க முடியாது. எதைக் காப்பாற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குவதுதான் தொழில்.

இனி, செய்யக் கூடாதது ஒன்று. ஈயத்தை உருக்கிவிட்டு, போர்டை மேஜை விளிம்பில் 'டக்' என்று தட்டினால் ஈயம் தெறித்து விழும். பலரும் சொல்லிக் கொடுக்கும் வழி இது. விழத்தான் செய்கிறது. எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. ஒரு ரிப்பேர் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். அவசரம். வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார். போர்டைச் சூடாக்கி ஓங்கித் தட்டினேன். ஒரு துளி மேலே எழும்பி என் இடது கண்ணுக்குக் கீழே ஒட்டியது. அரை அங்குலம் மேலே போயிருந்தால் இன்று உங்களை நான் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன். கடையில் மூத்தவரை நாங்கள் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். அவர் திட்டவில்லை. குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினார், பிறகு என் கையில் ஒரு செம்புத் திரியைக் கொடுத்து, வாடிக்கையாளரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். அந்த வேலை முடிய ஐந்து நிமிடம் ஆயிற்று. ஐந்தே நிமிடம்! அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் நான் கண்ணைப் பணயம் வைத்தேன். தம்பி தங்கைகளே, தட்டாதீர்கள். வாயால் ஊதாதீர்கள். எந்த வழியைச் செய்தாலும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். எழும் புகை பிசினின் புகை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. காரீயம் இந்தச் சூட்டில் ஆவியாவதில்லை, ஆனால் விரலில் ஒட்டும், விரல் வழியாக வாய்க்குப் போகும். வேலை மேஜையில் சாப்பிடாதீர்கள். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். துடைத்த துணியும் உதிர்ந்த ஈயமும் சமையலறைப் பக்கமோ குழந்தைகள் பக்கமோ போகக் கூடாது.

அடுத்தது, நேரம். ஓரிடத்தில் மூன்று விநாடிக்கு மேல் அயர்னை அழுத்தி வைத்திருந்தால், போர்டோடு செம்பை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். பேட் தூக்கிக்கொள்ளும். வரவில்லையா? அயர்னை எடுங்கள். போர்டு ஆறட்டும். நுனியைத் துடையுங்கள். ரோசின் சேருங்கள். மறுபடி வாருங்கள். அழுத்தம் கொடுத்து ஜெயித்தவர் இந்தத் தொழிலில் யாரும் இல்லை. செல்போன் போர்டு மாதிரி பல அடுக்குப் போர்டு, அடியில் முழுக்க ஈயப் புள்ளிகள் வைத்த சிப், இவற்றை வயரும் ஈர்க்குச்சியும் வைத்துத் தொடாதீர்கள். அவற்றுக்கு ஜகதீஷ் மார்க்கெட்டில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தன் கருவியின் எல்லையை அறிந்தவனே நல்ல வேலைக்காரன்.

ஒரு தம்பி கேட்கலாம்: "ஐயா, பம்ப் என்ன பெரிய விலையா? வாங்கிவிட்டால் போயிற்று. எதற்கு இந்தப் பாடு?" நியாயமான கேள்வி. வாங்குங்கள், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அரைகுறையாக இளகிய ஈயத்தை எந்தப் பம்பும் இழுக்காது. அழுக்குப் பிடித்த இணைப்பில் எந்த விக்கும் உறிஞ்சாது. சூடும் சுத்தமும் தெரியாதவர் கையில் ஆயிரம் ரூபாய்க் கருவியும் சும்மா இருக்கும். அவை தெரிந்தவர் கையில் அறுந்த வயரும் கருவியாகும். கருவி கையை நீட்டித் தருகிறது. அறிவு அதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். நாளை காலை புராஜெக்ட் காட்ட வேண்டும், ராத்திரி பதினொரு மணி, ஹாஸ்டலில் மழை, கடையெல்லாம் சாத்தியாகிவிட்டது என்ற நிலை உங்களுக்கு வரும். அன்று இந்தப் பேச்சு ஞாபகத்துக்கு வரட்டும்.

பெரியோர்களே, இந்த மிளகு அளவு ஈயத்துக்காக நான் ஏன் இவ்வளவு உருகுகிறேன்? ஒரு ரேடியோ நின்றுபோகிறது. ஒரே ஓர் இணைப்புதான் கெட்டிருக்கும். அதை எடுத்து மறுபடி வைக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லை, தெருவிலும் இல்லை. ரேடியோ குப்பைக்குப் போகிறது. மின்னணுக் கழிவுக்கு நம் நாட்டில் 2011இல் விதி போட்டார்கள், 2016இல் திருத்திப் போட்டார்கள், இப்போது 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி நடைமுறையில் இருக்கிறது. விதி வேண்டும்தான். ஆனால் குப்பையாகிவிட்ட பிறகுதான் விதிக்கு வேலை. குப்பையாகாமல் தடுக்கும் வேலை விதியின் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. குப்பைக்குப் போன போர்டுகளை எரித்து உருக்கிச் செம்பை எடுக்கும் இடங்களில் காரீயம் கலந்த புகையைச் சுவாசிப்பது யார் பிள்ளைகள்? நாம் சரி செய்யும் ஒவ்வொரு போர்டும் அந்தத் தீக்குப் போகாத போர்டு.

இந்த ஊரில் இன்று வசதிக்குக் குறைவில்லை. ராயதுர்கத்தில் டி-ஒர்க்ஸ் என்ற கூடத்தை 2023 மார்ச்சில் திறந்தார்கள், புதுப் பொருளைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அங்கே உயர்ந்த மெஷின்கள் இருக்கின்றன. மகிழ்ச்சி. செய்யக் கற்றுக்கொடுக்கும் ஊர், செய்ததைத் திருத்தவும் கற்றுக்கொடுக்க வேண்டும். பாலிடெக்னிக்குகளில் வைக்கக் கற்றுக்கொடுக்கிறோம், எடுக்கக் கற்றுக்கொடுக்கிறோமா? ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஈயம் வைக்கும் வகுப்பு எத்தனை மணி நேரமோ, எடுக்கும் வகுப்பும் அத்தனை மணி நேரம் வையுங்கள். கெட்ட போர்டைக் கொடுங்கள். பிள்ளைகள் அழித்து எழுதிப் பழகட்டும். அழிக்கத் தெரிந்த பிள்ளை பயப்படாமல் எழுதும்.

வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்கள். ஓடாத ரேடியோ ஒன்று இருக்கும், அறுந்த வயர் ஒன்று இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் கீழே இறக்குங்கள். பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்கார வைத்து, இருவரும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். செம்பு வெள்ளியாக மாறும் அந்த இரண்டு விநாடியை அந்தக் குழந்தை ஒரு முறை பார்க்கட்டும். மற்றதை அது தானே கற்றுக்கொள்ளும்.

தொடங்கும் முன் அயர்ன் நுனியைத் துடைக்க மறக்காதீர்கள்.